மெரிலேண்ட்ஸின் நடு வீடு

ஒரு புறநகரின் வீடுகளையெல்லாம் வருமானப்படி வரிசையில் நிறுத்தினால், நட்டநடுவே நிற்கிற வீட்டின் வருமானம் என்ன? அதைச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம். பரமட்டாவில் ஒரு நான்காம் மாடியில் உட்கார்ந்து, வருடத்துக்கு ஒரு புள்ளி வைத்து, புள்ளிகளைக் கோடாக இழுப்பேன். சென்சஸ் வருகிற வருடம் புள்ளி தானாக விழும். இடைப்பட்ட வருடங்களில் சில வீடுகளுக்கு மட்டும் கேள்விகள் அனுப்பி, வந்த பதில்களைப் பிசைந்து, மீதியை ஊகிக்க வேண்டும். ஊகம் என்று சொல்லக் கூடாதாம், மதிப்பீடு. கவிதையும் எழுதுகிறவனுக்கு இரண்டும் ஒரே பாத்திரத்துத் தண்ணீர்.

ஒரு வருடம், நான் குடியிருக்கும் மெரிலேண்ட்ஸின் கோடு பட்டம் மாதிரி மேலே கிளம்பியது. தெருவில் கடைகள் மூடிக்கொண்டிருந்தன, வாடகை கட்ட முடியாதவர்கள் இன்னும் தூரத்துக்குப் பெயர்ந்துகொண்டிருந்தார்கள். கோடு மட்டும் காற்றுக்கு ஆடிக்கொண்டு உயரப் போனது.

பக்கத்து வீட்டு அன்ரிக்கு அது நேரடி ஆபத்து. மன்னாரில் கடலைப் பார்த்தே வளர்ந்தும் நீந்தத் தெரியாதவர். எழுபதை நெருங்கும்போது, முழங்கால் வலிக்காக, வியாழக்கிழமைகளில் நீச்சல் குளத்துக்குப் போகத் தொடங்கியிருந்தார். முதியவர்களை ஏற்றிப்போக ஒரு இலவச பஸ் வரும். நடு வீட்டின் வருமானம் ஓர் எல்லைக்குக் கீழே இருக்கிற இடங்களுக்கு மட்டும் அந்தச் சலுகை. கோடு எல்லையைத் தாண்டினால் பஸ் நிற்கும்.

வேலிக்கு மேலால் அன்ரியின் தலை வந்தது. "தம்பி, இப்பதான் ஒரு மாதிரி மிதக்கத் துவங்கியிருக்கிறன். நீங்கள்தானே கோடு கீறுறது? ஒருக்கா கீழ இழுத்துவிடுங்கோ."

"அப்பிடிச் செய்தா என்ர வேலை போயிடும் அன்ரி."

"வேலை போனா உங்கட வருமானமும் குறையுமெல்லே? ரெண்டு பக்கத்தாலயும் லாபம்."

அடுத்த வியாழன், அலுவலகத்துக்குப் போகும் வழிதானே என்று அந்த பஸ்ஸிலேயே தொற்றிக்கொண்டேன். நீச்சலுடைக்கு மேலே ஹவுஸ்கோட் போட்ட அன்ரிமார் பஸ் நிறைய. கேள்விகள் தங்களுக்கும் வந்ததாக, நான் கேட்காமலே பலர் சொன்னார்கள். என்ன எழுதினார்கள் என்று விசாரிக்க எனக்கு உரிமையில்லை. விளையாட உரிமையுண்டு.

"வருமானம் குறைஞ்ச ஆக்கள் முன்னுக்கு, கூடின ஆக்கள் பின்னுக்கு. மாறி இருங்கோ பாப்பம்."

பஸ் பின்பக்கம் சாய்ந்தது போல இருந்தது. கடைசி இருக்கையில் ஐந்து பேர் நெருக்கினார்கள், முன்பாதி வெறிச்சென்று கிடந்தது. நடுவில் ராணி மாதிரி ஒரு யாழ்ப்பாணத்து அன்ரி.

"என்ர மூத்தவன் ஐ.டி., ரெண்டாவது எஞ்சினியர். வேற எங்க நான் இருக்கிறது?"

"மூத்தவர் மெல்பேர்னில, கிளேட்டனிலயெல்லோ?" என்றேன்.

"இருந்தாலென்ன? என்ர வீட்டுப் பிள்ளைதானே. எழுதினனான்."

பட்டத்தின் நூல் யார் கையில் என்று அப்போது தெரிந்தது. எப்போதோ வீட்டைவிட்டுப் போன மகன்மாரையெல்லாம் கூட்டிவந்து தங்கள் கூரைக்குக் கீழே படுக்கவைத்திருந்தார்கள். ஊர் ஏழையாக இருக்க வேண்டும், அவரவர் வீடு மட்டும் பணக்கார வீடாக இருக்க வேண்டும்.

அந்தக் கூரையின் கீழே வாழ்கிறவர்களை மட்டும்தான் எழுத வேண்டும், கிழமை முடியுமுன் பதிலைத் திருத்தலாம், இல்லாவிட்டால் இந்த பஸ் நின்றுவிடும் என்றேன். எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே எதையோ வெகு அக்கறையாகப் பார்த்தார்கள்.

பக்கத்து வீட்டு அன்ரி எழுந்தார். மகன் தன்னோடுதான் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தவர். அவனுடைய கார் எங்கே என்று யாரும் கேட்டால் 'நைட் ஷிப்ட்' என்பார். அது எந்த நாட்டு இரவென்று நானும் கேட்டதில்லை. இருக்கைகளைப் பிடித்துப் பிடித்து நடந்து, டிரைவருக்குப் பின்னால் முதல் இருக்கையில் போய் உட்கார்ந்தார்.

"என்ர பெடியன் தனிய போயிட்டான். கனகாலம். வீட்டில நானும் பென்சனும்தான்." திரும்பினார். "என்ன பாக்கிறியள்? எனக்கு மிதக்கோணும்."

பிறகு கடைசி இருக்கையிலிருந்து யாழ்ப்பாணத்து அன்ரி புறப்பட்டு வந்தார். "தள்ளி இருங்கோ. என்ர ரெண்டாவதும் போயிட்டான். கலியாணப் பேச்சு நடக்குதெண்டு வெளியில சொல்லேல்லை."

அந்தக் கிழமையே எத்தனை கூரைகள் காலியாயினவோ, எனக்குத் தெரியாது. கோடு இறங்கி எல்லைக்குக் கீழே வந்து குந்தியது. பஸ் தப்பியது. வருமானம் கூடக் கூட நிறத்தை அடர்த்தியாகத் தீட்டிய வரைபடம் அச்சாகி வந்ததும், பெருமையோடு குளக்கரைக்குக் கொண்டுபோய் விரித்தேன். எங்கள் மெரிலேண்ட்ஸ், காய்ச்சல்காரி முகம் மாதிரி.

தண்ணீரில் மல்லாந்திருந்த அன்ரி ஒரு கண்ணால் பார்த்தார். "இதென்ன தம்பி, இப்பிடி வெளிறிப் போச்சு? அடுத்த முறை கொஞ்சம் நிறமாக் கீறுங்கோ."

"நிறம் வந்தா பஸ் வராது அன்ரி."

"அப்ப பேசாமல் இருங்கோ," என்று கண்ணை மூடினார். "கதைச்சா தண்ணிக்குள்ள தாண்டுபோயிடுவன்."