ஒன்று ஐம்பதுக்குக் கழற்றும் தொப்பி

மதியம் ஒன்று ஐம்பது. திருவள்ளூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் சைக்கிள் நிறுத்தத்தில் முதலில் கண்ணில் பட்டவை, கட்டைச்சுவரில் கவிழ்த்து வைத்த ஐந்து நீலத் தொப்பிகள். வேலை முடிந்த மருத்துவமனைக் காவலர்கள் ஆறு பேர். ஆறாவது தொப்பி தலையிலேயே இருந்தது.

விபத்துச் செய்திக்காக, நிருபராக நான் அங்கே தினமும் போய்வந்த காலம் அது. இரண்டு மணி ஷிப்ட்டுக்கு வருகிறவர்கள் பத்து நிமிடம் முன்னதாகவே வந்து வாசலைப் பார்த்துக்கொள்வார்கள். வேலை முடிந்தவர்கள் சுவரோரம் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றிவிட்டு, அன்றைக்கு வாங்கிய வசவுகளைக் கொட்டுவார்கள். யாரும் புத்தி சொல்லக் கூடாது. இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவர் சூப்பர்வைசர் அக்கா. கும்மிடிப்பூண்டி கம்பெனி ஒன்றில் பேக்கிங் வேலை பார்த்துவிட்டு வந்தவர். வசவை அதே குரலில் நடித்துக் காட்டுகிறவருக்கு அக்கா ஒரு மசால் வடை தருவார். "நீ இன்னா பெரிய கலெக்டரா" என்பது பழசாகிவிட்டதால் அதற்கு வடை கிடையாது.

ஆறாவது தொப்பிக்காரர் செவ்வாப்பேட்டையிலிருந்து ரயிலில் வருகிற அண்ணன். பத்து நாளுக்கு முன்பு, ஐ.சி.யூ.வுக்குள் ஒருவருக்கு மேல் விட முடியாது என்றதற்கு, நோயாளியின் உறவினர் ஒருவர் சட்டையைப் பிடித்து அவரை அறைந்துவிட்டார். அதன் பிறகு தூக்கமும் இல்லை, பேச்சும் இல்லை. விரும்பிச் செய்த வேலையை மாதக் கடைசியோடு விட்டுவிடுவதாக எழுதிக் கொடுத்திருந்தார். அக்கா அந்தக் காகிதத்தை மேலே அனுப்பாமல் தன் கைப்பையில் மடித்து வைத்திருந்தார்.

அன்று மற்ற ஐவரும் பேசி முடித்த பிறகு, அண்ணன் தானாகவே தொப்பியைக் கழற்றினார்.

"நேத்து சாயந்தரம் ஊட்டுக் கதவ மாமியா தட்டுச்சுக்கா. அரைத் தூக்கத்துல தொறந்து, பாஸ் எங்க, ஒரு ஆளுதான் உள்ள போவணும்னுட்டேன்."

யாரும் சிரிக்கத் துணியவில்லை. அக்கா நிதானமாகக் கேட்டார்: "மாமனாரும் வந்தாரா?"

"வந்தாரு. வெளியவே குந்திக்கினு இருந்தாரு."

முதலில் சிரித்தவர் அண்ணன்தான். பிறகு எழுந்த சத்தத்தில் வாசலில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சிரித்து ஓய்ந்ததும், யாராவது கையைத் தூக்கினாலே உடம்பு நடுங்குகிறது என்றார். அதை அவர் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான்.

அக்கா அவரை இரண்டு வாரம் வண்டி நிறுத்தத்துக்கு மாற்றினார். மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டும் போனார். அறை வாசலில், "ஒரு ஆளுதான் உள்ள போவணும்" என்று சொல்லிவிட்டு வெளியே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

போன வாரம் ஒன்று ஐம்பதுக்கு அங்கே இருந்தேன். அண்ணன் எழுந்து நின்று யாருடைய குரலிலோ கத்திக்கொண்டிருந்தார். வடை ஏற்கெனவே அவர் கையில் இருந்தது. இப்போது காவலர்கள் எட்டுப் பேர். சுவரில் எட்டுத் தொப்பிகள்.