பேர் கொடுக்காத மனுஷன்

சிங்கப்பூர் தனிநாடான மறு வருஷம் அது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய வேண்டுமானால் வொர்க் பெர்மிட் எடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. நான் இங்கேயே பிறந்தவள், எனக்கு அந்தக் கவலை இல்லை. என் வீட்டுக்காரர் இந்தியாவில் பிறந்தவர். ஃபேரர் பார்க் பக்கம் ஒரு மசாலா மில்லில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார். "இந்த மாசத்துக்குள்ள பேரப் பதிஞ்சுட்டு வா. இல்லாட்டி உன்னை வச்சுக்க முடியாது" என்று முதலாளி சொல்லிவிட்டார். வேலை போனால் அவர் நாட்டை விட்டே போக வேண்டி வரும். மூன்று பிள்ளைகளோடு நான் என்ன செய்வேன்?

மனுஷன் அசையவில்லை. ஒரு நாள், பெர்மிட்டுக்குப் படம் எடுக்கப் போனால் போட்டோக் கடை பூட்டிக் கிடந்தது என்றார். மறுநாள் தலைவலி. அடுத்து, பெர்மிட் ஆபீஸில் ஒரே கூட்டம் என்றார். போகாத ஆபீஸில் கூட்டம் இருந்தது இவருக்கு எப்படித் தெரியும்?

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். மீன்காரர் சிரித்தால்கூட செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? ஊரில் ஒருத்தி இருக்கிறாள், ஆபீஸுக்குப் போனால் துருவித் துருவிக் கேட்பார்கள், குட்டு உடைந்துவிடும் என்று பயப்படுகிறார். இப்படி நானே முடிவு கட்டிவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரி வேறு, "எங்க வீட்ல போன வாரமே முடிச்சிட்டாரு லா. உங்க வீட்டுக்காரருக்கு மட்டும் என்னக்கா?" என்று எண்ணெய் ஊற்றினாள்.

அவர் வேலைக்குப் போன நேரம் பார்த்து டிரங்குப் பெட்டியைக் குடைந்தேன். இரண்டு வேட்டியும் அந்துருண்டையும்தான் இருந்தன. ஒன்றும் அகப்படாததில் சந்தேகம் கூடியதே தவிர குறையவில்லை. இவ்வளவு சுத்தமாக மறைக்கிறவர் லேசுப்பட்ட ஆளா?

மாசம் முடியப்போகிற சமயம், சோற்றைப் போட்டுவிட்டு நேராகவே கேட்டுவிட்டேன். "ஊர்ல யாருங்க இருக்கா? மறைக்காம சொல்லிடுங்க."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கையைக் கழுவிக்கொண்டார்.

"ஊர்ல யாரும் இல்ல. எங்க அண்ணன் ஜப்பான்காரன் காலத்துல செத்தாருன்னு சொல்லிருக்கேன்ல. எப்படிச் செத்தாருன்னு நீ கேட்டதில்ல, நானும் சொன்னதில்ல. ஜொகூர்ல தோட்டத்துல இருந்தோம். தற்காலிக வேலைதான், பேர் குடுங்க, முடிஞ்சதும் கொண்டாந்து விட்டுடுவோம்னாங்க. அண்ணன் குடுத்தாரு. நான் காய்ச்சல்ல கெடந்தேன். லாரில ஏத்தி, சயாமுக்கு ரயில் ரோடு போடக் கொண்டு போனாங்க. எங்க தோட்டத்துலேருந்து போனவங்க ஒருத்தரும் திரும்பல. இப்ப இவங்களும் பேர் குடுங்க, பெர்மிட்டு தற்காலிகந்தான்னு சொல்றாங்க."

எனக்கு அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது. இத்தனை வருஷம் ஒரே பாயில் படுத்தவளிடம் இதைச் சொல்ல ஒரு சட்டம் வர வேண்டியிருந்ததே. "அது வேற காலங்க" என்றேன். "அப்பவும் எங்க தோட்டத்துக் கங்காணி நல்லவிதமாத்தான் சொன்னான்" என்றார்.

மறுநாள் நானே அவரைப் பெர்மிட் ஆபீஸுக்கு அழைத்துக்கொண்டு போனேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் எனக்கும் அது தொற்றிக்கொண்டது. பேர் கொடுத்துவிட்டு உள்ளே போனவர்கள் வேறு வழியாக வெளியே போனார்கள். அந்த வழி எங்கே போய் முடிகிறது? காக்கிச் சட்டைக்காரன் எதற்கு வாசலில் நிற்கிறான்?

அவர் பேரைக் கூப்பிட்டார்கள். எழுந்தார், ஆனால் கால் நகரவில்லை. நானும் எழுந்து அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு கூடவே போனேன்.

"நீங்க யாரும்மா?" என்றார் உள்ளே இருந்த தமிழ்க் குமாஸ்தா.

"அவரு சம்சாரம்."

"நீங்க சிட்டிசன்தானே? உங்களுக்கு பெர்மிட் வேணாமே. வெளிய உக்காருங்க."

"வேணாம்னு தெரியும்" என்றேன். "என் பேரையும் சேத்து எழுதிக்குங்க. எங்க அனுப்புறதா இருந்தாலும் ரெண்டு பேரையும் ஒண்ணா அனுப்புங்க."

குமாஸ்தா சிரித்துவிட்டார். எங்கள் இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.