இரண்டு இடது இறக்கைகள்

அந்தப் பெட்டி பதினோரு வருடம் பரண்மேல் கிடந்தது. விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்று வந்தபோது என் வீட்டுக்காரர் கொண்டுவந்த சாமான்களில் நான் திட்டாத ஒரே சாமான் அதுதான். நடக்கிற வழியில் இல்லாமல் மேலே கிடந்தது, அவ்வளவுதான் காரணம். உள்ளே மெல்லிய மரத்துண்டுகளும், சுருட்டிவைத்த பெரிய காகிதத்தில் ஒரு பழைய போர்விமானத்தின் வரைபடமும் இருந்தன. துண்டுகளை ஒட்டி, மோட்டார் வைத்து, ரிமோட்டால் பறக்கவிட வேண்டும். நேரம் வரட்டும், நேரம் வரட்டும் என்பார். படையில் இருபது வருடம் விமானங்களைப் பிரித்துப் பழுதுபார்க்கும் பிட்டர் வேலை. அதற்கப்புறம் ரெட்டிபாளையம் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். நேரம் வரவில்லை, பக்கவாதம்தான் வந்தது.

வலது கையும் வலது காலும் போய்விட்டன. பேச்சு குழறி, இரண்டு மாதத்தில் ஓரளவு திரும்பியது. பெரம்பலூர் ஆஸ்பத்திரியிலிருந்து அரியலூரில் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்த அன்றே சொந்தக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பவள் நான். ஆனால் வந்தவர்கள் எல்லோரும் வாத்தியாராகிவிட்டார்கள். நான் யாருன்னு தெரியுதா, இது எத்தனை விரல், இன்னைக்கு என்ன கிழமை என்று ஒரே பரீட்சை. அவருடைய சித்தப்பா மகன் ஒருவன் தன் பெயரையே கேட்டுவிட்டு, சரியான பதில் வந்ததும் கைதட்டினான். 

அவன் போனபிறகு அவர் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்தார். "கைதான் போச்சு. தல போவல. யாருக்கும் புரிய மாட்டேங்குது."

புரிகிறது என்று நான் தலையாட்டினேன். உண்மையில் எனக்கும் சந்தேகம்தான். சில நாள் டம்ளரைக் காட்டிச் செருப்பு என்பார். வேண்டியதை நானே ஊகித்துக் கொடுத்துவிடுவேன்.

அடுத்த வாரம் பெட்டியை இறக்கச் சொன்னார். தான் சொல்வது, நான் செய்வது என்று ஏற்பாடு. வீட்டுக்கு வரும் பிசியோதெரபி தம்பி அதைக் கேட்டுக் குளிர்ந்துபோனார். ஆடு மேய்ச்ச மாதிரியும் ஆச்சு, அண்ணனுக்குப் பொண்ணு பாத்த மாதிரியும் ஆச்சு என்றார். ஆடு மேய்க்கப் போவது யார் என்று அவர் யோசித்த மாதிரி தெரியவில்லை.

விடிந்ததும் அவரைத் துடைத்து, சட்டை மாற்றி, இட்லி ஊட்டி, பக்கத்து வீட்டு அம்மாளிடம் சொல்லிவிட்டு, கீழப்பழுவூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். எட்டு பீரியடு. சாயங்காலம் திரும்பினால் பாத்திரம், துணி, மறுபடி சமையல். இதற்கு நடுவில் ஒரு மணி நேரம் விமானக் கம்பெனி. மேசையில் முதலில் தூசி துடைக்க வேண்டும். சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற ரோட்டில் வீடு. காலையில் துடைத்த மேசையில் சாயங்காலம் விரலால் பெயர் எழுதலாம். தூசியோடு ஒட்டினால் ஒட்டாது என்பார். அந்த மரம் முருங்கைக் கட்டையைவிட லேசு, கொஞ்சம் அழுத்தினால் நகம் பதியும். பசை விரலில் காய்ந்து தோலோடு உரியும். வகுப்பில் ஒரு பிள்ளை, டீச்சர் கைல என்ன சொறியா என்று கேட்டது.

அலுத்துப்போனேன். பேச்சுக்குச் சொல்லவில்லை, உடம்பே அலுத்துப்போனது. ஆனால் ஒன்றையும் மறைக்கக்கூடாது. அந்த ஒரு மணி நேரத்தில் அவர் நோயாளி இல்லை. ஒரு துண்டு நூலளவு சாய்ந்திருந்தால் கட்டிலிலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். டம்ளரின் பெயர் மறந்தவருக்கு அந்த விமானத்தின் சின்னத் துண்டுக்குக்கூடப் பெயர் மறக்கவில்லை. ஒரு நாள் உடல்பகுதியின் கூட்டை ஒட்டி முடித்து அவர் மடியில் வைத்தேன். இடது கையால் தடவிப் பார்த்துவிட்டு, "இப்ப வந்து பரீட்சை வைக்கச் சொல்லு அவன" என்றார். சிரித்தோம். அந்த விமானம் பறக்கிறதோ இல்லையோ, தன் தலை போகவில்லை என்று அவர் தனக்கே காட்டிக்கொள்வதற்கு அது ஒன்றுதான் வழி என்பது எனக்கு அன்றைக்குத் தெரிந்தது.

அப்புறம் இறக்கை வந்தது. வரைபடத்தில் இடது இறக்கை மட்டும்தான் போட்டிருந்தார்கள். வலதுக்குத் தனிப் படம் கிடையாது. அதே காகிதத்தில் எண்ணெய் தடவினால் கோடுகள் பின்பக்கம் தெரியும், காகிதத்தைத் திருப்பிப்போட்டு அதன்மேல் வலது இறக்கையைக் கட்ட வேண்டும். இதை அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

இடது இறக்கை மூன்று வாரத்தில் முடிந்தது. அதுவரை மேசை கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. பிறகு பிசியோதெரபி தம்பி, நடக்கப் பழக்க வேண்டும், கட்டிலோரம் இடம் வேண்டும் என்று சொல்லிவிட்டார். மேசையை அவர் தலைமாட்டுக்குப் பின்னால், ஜன்னலடியில் போட்டேன். அவரால் கழுத்தைத் திருப்பிப் பார்க்க முடியாது. கால்மாட்டில் பீரோ இருந்தது. அந்தப் பீரோக் கண்ணாடியில் மேசையைப் பார்த்துக்கொண்டே வேலை சொல்வார்.

வலது இறக்கையைத் தொடங்கிய நாள் அரையாண்டுத் தேர்வுத் தாள் கட்டு ஒன்று பையில் திருத்தாமல் கிடந்தது. காகிதம் முழுக்கத் தேங்காயெண்ணெய் தடவினேன். திருப்பிப்போட்டுக் குண்டூசி குத்தினேன்.

"திருப்பிப் போடு" என்றார்.

திருப்பிவிட்டேன் என்றேன். இல்லை என்றார். கோடுகளைப் பார்த்தேன். படத்திலிருந்த இங்கிலீஷ் எழுத்துகள் எல்லாம் திரும்பி, வலமிருந்து இடமாகத் தெரிந்தன. திருப்பித்தான் போட்டிருந்தேன், சந்தேகமே இல்லை. அவர் விடவில்லை. எழுத்தெல்லாம் நேராகத் தெரிகிறதே, நான் என்ன குருடனா என்றார். குரல் உயர்ந்தது, உயர்ந்ததில் வாய் கோணியது.

நான் என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். டம்ளர் செருப்பானது மாதிரி இதுவும் ஒன்று என்று நினைத்தேன். பாவம், போகட்டும் என்று நினைத்தேன். அதற்குமேல், இடுப்பு வலித்தது. குண்டூசிகளைப் பிடுங்கி, அவர் சொன்ன மாதிரியே காகிதத்தை மறுபடி திருப்பினேன்.

"சரிங்க" என்றேன்.

அந்தச் "சரிங்க" என் வாயில் தானாக வரும். கல்யாணமான நாளிலிருந்து வருகிறது.

அது தப்பான இறக்கை என்று தெரிந்தேதான் நாள்தோறும் ஒட்டினேன். ஒட்ட ஒட்ட, எனக்கே ஒருவேளை அவர் சொல்வதுதான் சரியோ என்று தோன்றிவிட்டது. இருபது வருடம் நிஜ விமானத்தைக் கழற்றி மாட்டியவருக்குத் தெரியாததா, நாலாங்கிளாஸ் டீச்சருக்குத் தெரிந்துவிடப்போகிறது என்று சமாதானம் செய்துகொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து, முடிந்த இரண்டு இறக்கைகளையும் அவர் மடியில் வைத்தேன். நடுவில் சேர்த்து ஒட்டுவதற்கு முன் அவர் பார்த்துச் சரிசொல்ல வேண்டும். ஒன்றை எடுத்தார், வைத்தார். இன்னொன்றை எடுத்தார். இரண்டையும் ஒட்டவைத்துப் பார்த்தார். இரண்டும் இடது இறக்கை. எப்படிச் சேர்த்தாலும் ஒன்று முன்னே பார்த்தது, ஒன்று பின்னே பார்த்தது.

திருப்பிப்போடச் சொன்னேனே என்று கேட்டார்.

அன்றைக்கு நான் பொய் சொல்லியிருக்கலாம். என் தப்புதாங்க என்று ஒரு வார்த்தை போதும். எத்தனையோ விஷயத்தில் சொல்லியிருக்கிறேன். ஆனால் வெயிலில் நடந்து வந்திருந்தேன், காபிகூடக் குடிக்கவில்லை, வாய் முந்திக்கொண்டது.

"நாந் திருப்பித்தான் போட்டிருந்தேன். நீங்கதான் மறுபடி திருப்பச் சொன்னீங்க."

"நானா?"

"நீங்கதான்."

என்னை வெறித்துப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இறக்கைகளைக் கட்டிலோரம் தள்ளிவிட்டு, "அப்ப தலையும் போச்சு" என்றார்.

அதிலிருந்து பேச்சு நின்றது. பிசியோதெரபி தம்பி வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். ஊட்டினால் இரண்டு வாய், அதோடு தலையைத் திருப்பிக்கொள்வார். என்மேல் எனக்கே ஆத்திரம், அவர்மேலும் ஆத்திரம். ஒரு வார்த்தை தாங்காத மனுசன் என்று அடுப்பங்கரையில் நின்று புலம்பினேன். சமாதானத்துக்காக, மூன்றாவது இறக்கையைக் கட்டிவிடலாம் என்று காகிதத்தை மறுபடி பின்பக்கமாகத் திருப்பிக் குத்திவைத்தேன். மிச்சமிருந்த மரம் ஒரு இறக்கைக்குச் சரியாக வரும். அவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. நானும் தொடவில்லை.

ஒரு சனிக்கிழமை முடிவெட்டுகிறவர் வீட்டுக்கு வந்தார். அவரும் நானுமாகச் சேர்ந்து இவரை வாசலில் நாற்காலியில் உட்காரவைத்தோம். நான் உள்ளே வந்து, கட்டிலோரம் அப்படியே கிடந்த இறக்கைகளை எடுத்து, விரிப்பை மாற்றி, மறுபடி அங்கேயே வைத்தேன். இடுப்பு கெஞ்சியது. இரண்டு நிமிடம் என்று இவர் கட்டிலிலேயே, இவர் தலை வைக்கிற இடத்தில் தலை வைத்துப் படுத்தேன்.

எதிரே கண்ணாடியில் மேசை தெரிந்தது. மேசைமேல் வரைபடம். அதில் எழுத்துகள் நேராக இருந்தன. படிக்க முடிந்தது.

எழுந்து போய்ப் பார்த்தேன். காகிதம் பின்பக்கமாகத்தான் இருந்தது, எழுத்துகள் திரும்பித்தான் இருந்தன. மறுபடி வந்து படுத்தேன். கண்ணாடியில் நேராக இருந்தன. சுவரிலிருந்த காலண்டர்தான் திரும்பித் தெரிந்தது. திரும்பினதை அந்தக் கண்ணாடி இன்னொரு தரம் திருப்பியிருக்கிறது. அவர் பார்த்ததைத்தான் சொன்னார். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு பகீரென்றது. ஒரு முறை, ஒரே ஒரு முறை, இந்தா பாருங்க என்று காகிதத்தைத் தூக்கி அவர் கண்முன் காட்டியிருந்தால் முடிந்திருக்கும். கைதட்டினானே ஒருத்தன், அவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

முடிவெட்டி முடித்து அவரைப் படுக்கவைத்ததும், கண்ணாடியைப் பார்க்கச் சொன்னேன். பிறகு காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்து கையில் கொடுத்தேன். கண்ணாடிதான் காரணம், தலை இல்லை என்றேன். காகிதத்தைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார். புரிந்துகொள்ள அவருக்கு என்னைவிடக் குறைவான நேரம்தான் ஆனது. முகம் தெளிந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு மூச்சை நன்றாக இழுத்துவிட்டார்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. அத்தோடு முடிந்தது என்று எழுந்தேன்.

"இரு" என்றார். "எழுத்து திரும்பியிருந்தது ஒனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சே ஒட்டுன."

"ஆமா."

"ஏன் சொல்லல?"

சொன்னேனே, நீங்கள்தான் கத்தினீர்கள் என்று சொல்லலாம். அது நியாயம்தான், ஆனால் அவர் கேட்டதற்குப் பதில் ஆகாது. "சொல்லி செயிக்கத் தெம்பு இல்லைங்க" என்றேன்.

அவர் காகிதத்தை மடியில் வைத்து இடது கையால் நீவிக்கொண்டே இருந்தார். எண்ணெய் கையில் ஒட்டியது. நான் நினைக்காத ஒன்றைக் கேட்டார்.

"வேற எதுல எல்லாம் இப்புடி பேசாம இருந்த?"

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. இந்த லாரி ரோட்டில் வீடு கட்ட வேண்டாம் என்று நினைத்ததைச் சொன்னேன். மேலே சொல்லு என்பதுபோல் பார்த்தார். என் அம்மா சாகக்கிடந்தபோது வரதராசன்பேட்டைக்குப் போய் ஒரு மாதம் இருக்க விரும்பினேன், நாலு நாளில் கூட்டிவந்துவிட்டீர்கள் என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். என்னால் முடியவில்லை.

"பெரம்பலூருக்கு எச்.எம்.மா போட்டு ஆர்டர் வந்துச்சு. தூரம், வேணாம்னு எழுதிக் குடுன்னீங்க. எழுதிக் குடுத்துட்டேன்."

"நீயும் சரின்னுதான சொன்ன?"

"ஆமா. சரின்னுதான் சொன்னேன்" என்றேன். அதற்குள் அழுதுவிட்டேன்.

அவர் கட்டிலோரம் கிடந்த இரண்டு இறக்கைகளையும் இடது கையால் ஒவ்வொன்றாக எடுத்து மறுபக்கம் வைத்தார். அதற்கு நேரம் பிடித்தது. எனக்கு இடம் விடுகிறார் என்று அப்புறம்தான் புரிந்தது. உட்கார்ந்தேன்.

இன்னும் நிறைய இருக்கு என்றேன். சொல்லு என்றார்.