கையுறையைக் கழற்றாமல் சொன்னது

பத்தாவதோடு நின்றவள் எழுத உட்கார்வது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள் நான். ஆனால் இந்த வேலையை விடச் சொல்லி எல்லாரும் பேசியாகிவிட்டது. ஏன் விடவில்லை என்பதை நான்தானே சொல்ல வேண்டும்?

தஞ்சாவூருக்கு வெளியே ஒரு கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளர் நான். பழசாகிப்போன லித்தியம் பேட்டரிகளைப் பிரித்து, உள்ளே எது எப்படிக் கெட்டது என்று பார்க்கும் இடம். காற்றும் ஈரமும் பட்டால் ஆபத்து என்பதால், அடைத்த கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துத்தான் பிரிப்போம். பெட்டியிலேயே பொருத்தியிருக்கும் நீளமான ரப்பர் கையுறைக்குள் தோள்வரை கையை விட வேண்டும். எங்கள் தெருவில் எனக்கு ‘போஸ்ட்மார்ட்டம் அக்கா’ என்று பேர்.

கணவருக்குக் குவைத்தில் கட்டட வேலை. லீவில் வந்தவர், எங்கோ ஸ்கூட்டர் பேட்டரி வெடித்த வீடியோவைக் காட்டினார். “நான் சம்பாதிக்கறேன்ல? நான் கெளம்பறதுக்குள்ள வேலைய விட்டுட்டு வந்துடு.”

அவருடைய பழைய போன் முதுகு வீங்கி, மூடி தூக்கிக்கொண்டு நின்றது. “இத வாய்க்கால்ல கடாசு” என்றார். கடாசவில்லை. ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், ஆய்வகத்தை நடத்தும் மேடத்திடம் கேட்டு, சார்ஜை முழுக்க இறக்கி வைத்தேன்.

குவைத்துக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் அவரே ஆய்வகத்துக்கு வந்துவிட்டார். என் இரண்டு கையும் பெட்டிக்குள். அவருடைய போன் பேட்டரியின் உறையைத்தான் கீறிக்கொண்டிருந்தேன்.

“மேடம், இவ நாளையிலேர்ந்து வரமாட்டா. நின்னுக்கறா.”

மேடம் என் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்கம்மா.”

காது சுட்டது. வழக்கமாக இந்த இடத்தில் தலையைக் குனிந்துகொள்வேன்.

“கை உள்ள இருக்கு. இத முடிச்சுட்டுப் பேசறேன்.”

உள்ளே இருந்த சுருளை மெல்ல விரித்தேன். செப்புத் தகட்டின் மேல் பூசிய கறுப்பு, பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்தது. அவர் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டார்.

“என்னடி இது, சித்திர மாசத்து வயலாட்டம் வெடிச்சுக் கெடக்கு?”

“மேல பாலாடை மாதிரி கட்டியிருக்கு பாருங்க. சூட்டுல, எப்பப் பாத்தாலும் சார்ஜ்லயே போட்டு வெச்சா இப்படி ஆகும். உள்ள வாயு சேந்துதான் வீங்கியிருக்கு.”

“சார்ஜ்ல போட்டுக்கிட்டு உங்கூடத்தானே பேசினேன்? அப்பக் கெடுத்தவ நீதான்!”

மேடம் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை.

“சரிங்க, நான்தான் கெடுத்தேன். எப்படிக் கெட்டுதுன்னும் நானே பாத்துட்டேன். அங்க நீங்க அத்தன மாடிக்குச் சாரம் ஏறறீங்க. நான் எறங்கச் சொன்னேனா? நான் நிக்க மாட்டேன்.”

கையுறையிலிருந்து கையை எடுக்காமலேதான் சொன்னேன். எடுத்திருந்தால் வழக்கம்போலத் தலை குனிந்திருக்கும்.

“திமிரு” என்றார். இருக்கட்டும். இத்தனை வயதுக்கு அதுவாவது இருக்கட்டும். பஸ்ஸில் வீடு வரைக்கும் அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். நான் சமாதானம் சொல்லவில்லை.

மறுநாள் காலை அவர் திருச்சி ஏர்போர்ட்டுக்குக் கிளம்பினார். நான் வழக்கமான பஸ்ஸில் வேலைக்குப் போனேன்.