ஃபேன்காரர் வீட்டுக் காற்று

ஃபேன்காரர் என்றால்தான் அவரைத் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்துக் கடைக்காரரே உதட்டைப் பிதுக்குவார். மின்விசிறி மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவது அவர் தொழில். ஓடுகிற விசிறியின் சத்தத்தை வாசலில் நின்று கேட்டே பேரிங் போயிற்றா, கெப்பாசிட்டர் போயிற்றா என்று சொல்லிவிடுவார். சொல்லிவிட்டுக் கொஞ்சம் அலட்டிக்கொள்வார் என்பதும் உண்மை.

அவர் மனைவிக்கு நுரையீரல் சுருங்கிக்கொண்டே வருகிறது, இனி மருந்தால் ஆவது ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னபோது அவரும்தான் கூட இருந்தார். தலையையும் ஆட்டினார். வீட்டுக்கு வந்து படுத்ததும் அந்த அம்மாள், "என்னங்க, காத்தே வரலங்க" என்றாள். அவ்வளவுதான், மனிதர் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

முதலில் இறக்கைகளில் கை வைத்தார். இறக்கை தட்டையாக இருந்தால் காற்றை வெட்டுமே தவிரக் கீழே தள்ளாது. அதனால் மூன்றையும் கழற்றி இன்னும் சாய்வாக வளைத்தார். ஆசையில் அளவு மீறிவிட்டார். அந்தச் சுமையை இழுக்க மாட்டாமல் மோட்டார் முக்கித் திணறியது, வேகம் குறைந்தது, தொட்டால் கை சுட்டது. வேறு யாராவது இப்படிச் செய்து கொண்டுவந்திருந்தால் கடையிலேயே வைத்து வறுத்தெடுத்திருப்பார்.

மகள் ஏணியைப் பிடித்தபடி சொன்னாள்: "அப்பா, ஃபேன் முன்னாடியே நல்லாத்தான்பா ஓடுச்சு. அம்மாவுக்கு உள்ளதான்பா பிரச்சன."

"நீ சும்மா இரு. எனக்குத் தெரியாதா?"

தெரியும். தெரிந்ததை ஒத்துக்கொண்டால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டுமே, அதற்குத்தான் பயந்தார்.

சாய்வைப் பாதியாகக் குறைத்தார். கடையிலிருந்து பெரிய மோட்டார் ஒன்றை எடுத்துவந்து தன் கையாலேயே செம்புக் கம்பி சுற்றினார். கூரையோடு ஒட்டியிருந்தால் இறக்கைக்கு மேலிருந்து காற்று கிடைக்காது என்று விசிறியைத் தாங்கும் ராடையும் நீளமாக மாற்றினார். மூன்று இறக்கையும் ஒரே எடைதானா என்று நிறுத்துப் பார்த்தார். இந்தப் பொறுமையில் கால்வாசியை வைத்துக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்து அவளிடம் இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம். அது அவருக்கு வராது.

சுவிட்சைப் போட்டார். அடேயப்பா, என்ன காற்று! ஜன்னல் திரை கயிற்றை அறுத்துக்கொண்டு போகப் பார்த்தது. மோட்டாரில் சத்தம் என்பதே இல்லை. வாழ்நாளில் அவர் செய்ததிலேயே நல்ல வேலை அதுதான். அவளுடைய நெற்றி முடியெல்லாம் பின்னால் பறந்தது.

"இப்ப எப்படி இருக்கு?"

அவள் வாயைத் திறந்து திறந்து மூடினாள். கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது.

"காத்து... இன்னும் கொஞ்சம் வைங்களேன்."

ரெகுலேட்டர் ஏற்கெனவே கடைசி எண்ணில் இருந்தது. அவர் எழுந்து போய் அதன் மேல் கையை வைத்தார். சுவரைப் பார்த்தபடியே நின்றார்.

"ஏத்திட்டேம்மா" என்றார்.