அப்பாவின் கன்னத்து அளவு

என் தம்பி நடக்கப் பழகி முடியும்வரை எங்கள் அப்பா உள்ளங்கை அளவுதான் இருந்தார். கட்டாருக்குக் கட்டிட வேலைக்கு அவர் விமானம் ஏறியபோது தம்பி அம்மாவின் வயிற்றில் இருந்தான். அதனால் அவனைப் பொறுத்தவரை அப்பா என்பவர் அம்மாவின் போனுக்குள் குடியிருக்கிற ஒருவர். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் வெளிச்சமாகி, "மகன், மகன்" என்று கூப்பிட்டுவிட்டு அணைந்துபோவார். ஒருநாள் பிட்டை உருட்டிப் போன் கண்ணாடியில் அப்பிவிட்டு, அப்பா வாய் திறக்கவில்லை என்று அழுதான். போனைத் துடைத்துத் துடைத்து அம்மாவுக்கு அலுத்துப்போயிற்று.

தம்பிக்குப் புது முகம் கண்ணில் காட்டக்கூடாது. அம்மாவின் தம்பியான மாமா எங்களுக்கு அடுத்த வளவில்தான் இருந்தார். வாவியில் மீன் பிடிப்பவர். தினமும் அவனைத் தோளில் தூக்கித் திரிந்த அதே மாமா நேர்த்திக்கடனுக்குத் தாடியை மழித்துக்கொண்டு வந்த அன்று அவன் வைத்த கூச்சலில் அயல் முழுவதும் வேலிக்கு வந்துவிட்டது. அம்மா இதைப் போனில் சொன்னதும் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்னைக் கண்டும் இப்பிடிக் கத்தினானெண்டா, நான் ஏறி வந்த வானிலயே திரும்பிப் போயிருவன்" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பே வரவில்லை. அப்பா சொன்னால் செய்கிறவர். ஆவணியில் வருவதாக இருந்தார். அவர் படியேறும்போது இந்தப் பயல் வாயைத் திறந்தானென்றால் எல்லாம் போச்சு! அதற்குள் அவனுக்கு அப்பாவின் முகத்தைப் பழக்கிவிடுவது என்று முடிவெடுத்தேன். அப்போது எனக்குப் பதினொரு வயது. நான் ஒன்றை முடிவெடுத்தால் வீட்டில் யாரும் குறுக்கே வருவதில்லை, வந்து பிரயோசனமும் இல்லை.

"போட்டோவப் பெருப்பிச்சுத் தொங்கவிடுவமே கா" என்றார் அம்மா. வீட்டில் இருந்தவை இரண்டே படங்கள். கலியாணப் படத்தில் அப்பாவின் முகத்தில் பவுடர் மட்டுமே தெரிந்தது. கடவுச்சீட்டுப் படத்தில் பொலிசில் பிடிபட்டவர்போல முழித்துக்கொண்டிருந்தார். அதைப் பெருப்பித்தால் எனக்கே பயம் வரும். போனிலோ முகத்தை ஒட்டிப் பிடித்துக்கொண்டு கதைப்பார், மூக்குத்தான் கத்தரிக்காய் அளவில் தெரியும். ஆகவே நானே படமாகக் கீறுவது என்று தீர்மானித்தேன். உண்மையான தலை எவ்வளவோ அவ்வளவு பெரிதாக.

முகம் கீறுவது எப்படி என்று சித்திர ரீச்சர் அந்தப் பள்ளித் தவணையில்தான் காட்டித் தந்திருந்தார். அதுவரை வகுப்பில் எல்லாரும் கண்ணை நெற்றியில் கொண்டுபோய் ஒட்டிக்கொண்டிருந்தோம். கண் இருப்பது தலையின் சரிபாதியில் என்றார் ரீச்சர். ஒரு கண்ணின் அகலத்தை அளவாக எடுத்தால் முகத்தின் குறுக்கே ஐந்து கண் போகும். இரண்டு கண்ணுக்கும் நடுவில் இன்னொரு கண்ணுக்கு இடம் இருக்கும். காது புருவத்துக்கு நேரே தொடங்கி மூக்கு முடிகிற இடத்தில் முடியும். கன்னம் எவ்வளவு உள்ளே வளையும் என்பதற்குக்கூட ஒரு கணக்கு வைத்திருந்தார்.

நான் சும்மா நம்புகிற ஆள் இல்லை. விளக்குமாற்றில் ஒரு ஈர்க்கை உருவிக்கொண்டு அகப்பட்டவர்களையெல்லாம் அளந்தேன். மாமா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவிடாமல் பிடித்தேன்.

"என்ன கா, எனக்குச் சவப்பெட்டி செய்யவா அளவெடுக்கிறாய்?"

"வாயை மூடுங்க மாமா, நாடி அசையுது."

மாமாவுக்கு முன்பக்கம் வழுக்கை. பார்த்தால் கண் எங்கேயோ கீழே கிடப்பதுபோல இருக்கும். அளந்தால் சரிபாதி! அம்மாவுக்கும் அப்படித்தான், பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஐஸ்பழம் விற்கிறவருக்கும் அப்படித்தான். கன்னமும் ரீச்சர் சொன்ன கணக்கிலேயே நின்றது. அன்றிலிருந்து ரீச்சரின் கணக்கு எனக்கு வேதவாக்கு.

அடுத்த வெள்ளிக்கிழமை அப்பாவிடம் முகத்தை அளந்து சொல்லும்படி கேட்டேன். எதற்கென்று சொல்லவில்லை. அவரிடம் வேலைக்குக் கொண்டுபோகிற இரும்பு டேப் இருந்தது. அறையில் கூட இருந்த ஏறாவூர்க்காரர் ஒருவர் உதவிக்கு வந்தார். இரண்டு சின்னக் கட்டைத் துண்டுகளை அப்பாவின் முகத்துக்கு இரண்டு பக்கமும் வைத்து, இடைவெளியை டேப்பால் பிடித்தார்.

"தலைய ஆட்டாதீங்க மச்சான், அளவு பிழைச்சா ஜன்னல் பூட்ட ஏலாது" என்றார். அறை முழுவதும் சிரித்தது.

கண், மூக்கு, காது எல்லாம் சொன்னார்கள். கடைசியாக வாய்க்கு நேரே கன்னத்தின் அகலத்தைக் கேட்டேன். அவர் சொன்ன அளவு எனக்குச் சரியாகப்படவில்லை. திரும்ப அளக்கச் சொன்னேன். திரும்பவும் அதே அளவு.

"அவ்வளவுதான் மகள். இதுக்கு மேல இல்ல" என்றார் ஏறாவூர்க்காரர். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

பிரிஸ்டல் போட் என்கிற தடித்த கடதாசியை நிலத்தில் விரித்துப் புள்ளி வைத்தேன். கண் பொருந்தியது, காது பொருந்தியது. கன்னப் புள்ளிகளைக் கோட்டால் இணைத்ததும் முகம் சூப்பிப்போட்ட மாங்கொட்டை மாதிரி உள்ளே போய்விட்டது. சீ, என்ன இது! நான் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது அம்மா ஈரக்கையோடு வந்தார்.

"ஆர் கா இது?"

"அப்பா. அவர் சொன்ன அளவுதான்."

அம்மா குனிந்து அந்தக் கன்னக் கோட்டின்மேல் விரலை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. பிறகு போனை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். "பொய் சொல்லாதீங்க" என்பது எனக்குக் கேட்டது. "எத்தின நாளா இப்பிடி?" என்பதும் கேட்டது. மற்றதெல்லாம் அழுகையும் மூக்குறிஞ்சலுமாக விளங்கவில்லை.

எனக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. பிழையாக அளந்ததற்கு அப்பாவுக்கு நல்ல பேச்சு விழுகிறது, விழட்டும். ஒரு பிள்ளை இவ்வளவு பாடுபடும்போது விளையாட்டா? நான் அழிறப்பரை எடுத்துக் கடதாசி பஞ்சாகும்வரை அந்தக் கன்னத்தை அழித்தேன். ரீச்சரின் கணக்குப்படி திரும்பக் கீறினேன். பூரண சந்திரன்போல ஒரு அப்பா வந்தார். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நல்லாயிருக்கு" என்றார். படத்தைப் பார்த்துச் சொன்னதுபோலத் தெரியவில்லை.

படத்தைத் தம்பியின் உயரத்துக்குச் சுவரில் ஒட்டினேன். காலையில் கும்பிட வைத்தேன், பின்னேரம் கொஞ்ச வைத்தேன். ஒரு கிழமை அழுதான். விடுவேனா? பிறகு மெல்ல மெல்லக் கடதாசி அப்பாவுக்குப் பிட்டு ஊட்டத் தொடங்கினான்.

ஆவணி வருமுன்பே அப்பா வருகிறார் என்றார்கள். எனக்கு ஆத்திரம். என் பாடத்திட்டம் பாதியில் நின்றது! விமான நிலையத்திலிருந்து விடிய விடிய ஓடி வந்த வான் எங்கள் படலையடியில் நின்றது. இறங்கியவரின் சேர்ட் கொடியில் காய்வதுபோலத் தொங்கியது. தம்பி அவரைப் பார்த்தான். ஒரு கத்துக் கத்தினான் பாருங்கள்! ஓடிப்போய்ச் சுவரிலிருந்த அப்பாவைக் கட்டிக்கொண்டான்.

அப்பா வாசலில் பையோடு நின்றார். படத்தைப் பார்த்தார். பிறகு திரும்பி, வந்த வானைப் பார்த்தார். அன்று போனில் சொன்னதைச் செய்யப்போகிறார்! பாய்ந்து படலைக்கு ஓடினேன்.

"நீங்க போங்க அண்ணன்! இஞ்ச ஒருத்தரும் திரும்பிப் போகல்ல!" என்று சாரதியிடம் கத்தினேன்.

"பெட்டி இன்னும் இறக்கல்லயே தங்கச்சி" என்றார் அவர் பாவமாக. பெட்டியை நானே இழுத்து விழுத்தினேன். வான் போனபிறகுதான் மூச்சு வந்தது.

ஆனால் தம்பி சுவரை விடவில்லை. சரி, பிழை எங்கே என்று பார்த்துவிடுவோம் என்று அப்பாவின் பையிலிருந்து டேப்பை எடுத்தேன். அவரைக் கதிரையில் இருத்தி, "ஆடாதீங்க" என்றேன். அவர் ஆடவில்லை. டேப் சர்ரென்று உள்ளே ஓடுகிற சத்தத்தில் தம்பியின் அழுகை நின்றது. இன்னொரு முறை ஓடவிட்டேன். சுவரை விட்டு ஓரடி வந்தான். இப்படியே விட்டு விட்டு இழுத்தேன். கதிரையடிக்கு வந்து சேர்ந்தான். டேப்புக்குக் கை நீட்டியவன், நான் கொடுக்காததால் அப்பாவின் மடியில் ஏறினான். ஏறி, அவரின் கன்னத்தில் இருந்த குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தான். அப்பா கண்ணை மூடிக்கொண்டு சிலைபோல இருந்தார். கண்ணீர் மட்டும் வழிந்தது. அளவு பிழைத்துவிடும் என்று நான் அதைத் துடைக்கவில்லை.

வாய்க்கு நேரே கன்னத்தை அளந்தேன். கட்டாரிலிருந்து சொன்ன அதே அளவு. ஒரு நூல்கூட வித்தியாசம் இல்லை.

"அம்மா! அப்பா சரியாத்தான் அளந்திருக்கார்!" என்று குசினியைப் பார்த்துக் கத்தினேன்.

அம்மா தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தார். போட்டதற்கு மேலேயே இன்னும் இரண்டு அகப்பை போட்டார்.

"எனக்கு அண்டைக்கே தெரியும் மகள்" என்றார்.

தெரிந்திருந்தால் நான் அழிக்கும்போதே சொல்லியிருக்கலாமே, இவ்வளவு கரைச்சலும் வந்திராதே என்று அன்று முழுவதும் நான் அம்மாவோடு கதைக்கவில்லை.