விபூதியில் விழுந்த எண்ணெய்க் கோடு

இரும்பைச் சோதித்துச் சொல்வது என் பிழைப்பாக இருந்த நாட்களில், இரும்பு எப்படி இருக்கிறது என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை. எம்புட்டு நாள் தாங்கும் என்றுதான் கேட்டார்கள். அந்த ஒரு கேள்விக்குத்தான் என்னிடம் பதில் கிடையாது. எது வார்ப்பு, எது உருக்கு, எது பழசுக்குச் சாயம் பூசிப் புதுசு என்று தள்ளிவிட்டது, இதெல்லாம் சொல்வேன். தாங்குகிற நாளை மட்டும் சொல்லத் தெரியாது. தெரியாது என்றால் நம்பவும் மாட்டார்கள், பிகு பண்ணுகிறான் என்பார்கள்.

ராஜபாளையத்தில் ஒரு சின்ன ஒர்க்ஷாப்பில் பிட்டராக இருந்தேன். இரண்டாம் உலகச் சண்டைக் காலம். சீமையிலிருந்து சாமான் வருவது நின்றுபோயிருந்தது. எஞ்சினில் ஒன்று உடைந்தால் வேறு மாட்ட வழியில்லை. அதனால் உடைவதற்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிட வேண்டும் என்று ஊரிலுள்ள முதலாளிகளுக்கெல்லாம் திடீரென்று ஞானம் பிறந்தது. கண்டுபிடித்து என்ன செய்வது என்று அவர்கள் யோசிக்கவில்லை. நானும் அப்போது யோசிக்கவில்லை.

வேலை ஒன்றும் மந்திரமில்லை. தொங்கவிட்டுச் சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று பேசும், வெடித்தது ஓட்டைப் பானை மாதிரி பேசும். அரத்தால் ராவினால் கெட்டியா மெத்தா என்று தெரிந்துவிடும். சாணையில் பிடித்தால் உருக்கின் பொறி நுனியில் பூவாகப் பிரியும், தேனிரும்பின் பொறி நீளமாக ஓடி அப்படியே அணையும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்புக்கு மட்டும் மண்ணெண்ணெய். இரும்பை அதில் நன்றாக நனைத்து, பிறகு சுத்தமாகத் துடைத்து, மேலே சுண்ணாம்பை மெல்லப் பூசி வைக்க வேண்டும். வெடிப்புக்குள் போன எண்ணெய் மெதுவாகக் கசிந்து, வெள்ளையில் கோடு போட்டுக் காட்டிவிடும். காத்திருக்கப் பொறுமை இருந்தால் போதும். எனக்கு அது மட்டும் கொஞ்சம் குறைவு.

என் அக்காவின் புருஷன், அத்தான், ஊரில் ஒரு ஜின்னிங் பேக்டரியில் எஞ்சின் டிரைவர். பருத்தியிலிருந்து கொட்டை பிரிக்கிற மெஷின்கள் அத்தனையும் அவருடைய ஒரே ஆயில் எஞ்சினில்தான் ஓடின. நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எஞ்சினை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவித் துடைப்பதோடு அத்தான் வேலை முடிந்தது. பட்டை போடுவதும் மாலை சாத்துவதும் முதலாளி வீட்டாருடைய காரியம். அத்தான் வாசலில் நிற்பார். பொரிகடலை கொடுக்கும்போது மட்டும் முதல் ஆளாக உள்ளே வந்துவிடுவார்.

அந்த வருஷம் முதலாளி வீட்டம்மா விபூதியைக் குழைத்து, பளுச் சக்கரத்தைச் சுற்றுகிற இரும்புத் தண்டான கிராங்க் ஷாப்ட் வளைகிற இடத்தில் அழகாக மூன்று பட்டை போட்டிருந்தார்கள். மறுநாள் எஞ்சினைக் கிளப்பப் போன அத்தான், மூன்று பட்டையையும் குறுக்கே வெட்டிக்கொண்டு மயிரிழை மாதிரி ஒரு கறுப்புக் கோடு இருப்பதைப் பார்த்தார். முதலில் பழி விழுந்தது விபூதித் தட்டைத் தூக்கிவந்த வேலைக்காரப் பெண்மேல். எண்ணெய்க் கையால் தொட்டுவிட்டாள் என்று அவளுக்கு நல்ல ஏச்சு. கோட்டை அழித்து வேறு பட்டை போட்டார்கள். சாயங்காலம் அதே இடத்தில் அதே கோடு. அதற்கப்புறம் அது சாமி குற்றமாகிவிட்டது. வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள்.

அத்தான் ஒர்க்ஷாப்புக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் நான் அரத்தைக் கீழே வைத்தேன். எண்ணெய் விட்டுத் துடைத்தது இவர், வெள்ளை பூசியது அவர்கள். நான் செய்கிற சோதனையை ஒன்று விடாமல் செய்து முடித்துவிட்டு, ஏன் கோடு விழுந்தது என்று பூசணிக்காயிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

போய்ப் பார்த்தேன். சுண்ணாம்பு பூசி நானும் ஒரு தடவை உறுதி செய்துகொண்டேன். பிறகு கூரான உளியால் கோட்டின் மேலே மெல்லிசாக ஒரு சுருள் சீவினேன். வெடிப்பு இருந்தால் சுருள் ஒன்றாக வராது, நெடுக இரண்டாகப் பிளந்து வரும். பிளந்துதான் வந்தது. அடுத்ததும் பிளந்தது. அதற்கடுத்ததும் அப்படியே. மேற்கொண்டு சீவினால் நானே ஷாப்டை அறுத்தவன் ஆவேன் என்று உளியைக் கீழே வைத்தேன். நீளம் தெரிந்தது, ஆழம் தெரியவில்லை. ஆழம்தான் ஆளைக் கொல்லும்.

முதலாளி வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், என்னிடம் தமிழ். நல்ல மனிதர். அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டு வேறு வேலையைப் பார்த்திருப்பேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். வேலைக்காரப் பெண்ணைக் கூப்பிட்டுத் தப்பு அவள் மேல் இல்லை என்று எல்லார் முன்னாலும் சொன்னார். பிறகு அவரும் அதையேதான் கேட்டார், எம்புட்டு நாள் தாங்கும் என்று. தெரியாது என்றேன். கோட்டின் இரண்டு நுனியிலும் கூர்முனை ஆணியால் தட்டிப் புள்ளி குத்தி வைத்தேன். கோடு புள்ளியைத் தாண்டினால் வெடிப்பு வளர்கிறது என்று அர்த்தம். பாதி மெஷினைக் கழற்றிவிட்டு மெதுவாக ஓட்டச் சொன்னேன். ஒவ்வொரு ஞாயிறும் வேதக் கோவில் முடிந்ததும் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு போய்விடுவேன். அக்கா சோறு போட்டுவைத்துக் காத்திருப்பாள். கோடு புள்ளியைத் தாண்டியதா என்று கேட்டுவிட்டுத்தான் குழம்பு ஊற்றுவாள்.

சீக்கிரமே தாண்டிவிட்டது.

முதலாளி மதராஸில் கேட்டார், பம்பாயில் கேட்டார். சண்டை முடியட்டும் என்றார்கள். உள்ளூரில் வார்த்துத் தருகிறோம் என்று ஒருவர் வந்தார். வார்ப்பு அந்த அடியைத் தாங்காது, நானே வேண்டாம் என்றேன். கடைசியில் கான்சாபுரத்தில் ஒரு தோட்டத்துக் கிணற்றடியில் அதே கம்பெனி எஞ்சின் ஒன்று சும்மா கிடப்பதாகத் தகவல் வந்தது. அதன் ஷாப்டைக் கழற்றி மாட்டு வண்டியில் கொண்டுவந்தார்கள். மூன்று கம்பை முக்காலியாக நட்டுக் கயிற்றில் தொங்கவிட்டுத் தட்டினேன். கணீரென்றது. பேக்டரியில் பஞ்சு பொறுக்குகிற பெண்கள் சுற்றி நின்று சிரித்தார்கள். அத்தான் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் சந்தோஷம்தான். ஆனாலும் மண்ணெண்ணெய் விட்டேன், துடைத்தேன், வெள்ளை பூசினேன். எல்லோரும் கடலை மிட்டாய் தின்றுகொண்டு காத்திருந்தோம். அதே வளைவில், சுத்தியல் சத்தத்துக்கு எட்டாத சின்னக் கோடு ஒன்று விழுந்தது.

எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? சின்னக் கோடு இருப்பதை மாட்டலாமே என்று முதலாளியின் தம்பி சொன்னார். அந்தச் சின்னக் கோடு எத்தனை ஆழம் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டு, "மேஸ்திரி, எஞ்சின் பக்கத்துல நிக்கது உங்க அத்தான். நிப்பாட்டவா, ஓட்டவா? நீங்க சொல்லுங்க" என்றார்.

நிப்பாட்டுங்க என்றேன். நிப்பாட்டினார்.

அப்படிச் சொன்னதற்காக நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை. ஆனால் அந்தத் தெருவில் அதற்குப் பிறகு நிமிர்ந்து நடக்கவும் முடியவில்லை. பஞ்சு பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் வீட்டில் உட்கார்ந்தார்கள். அந்த வருஷம் மழையும் இல்லை, காட்டு வேலையும் இல்லை. ரேஷன் கடையில் வரிசையில் நிற்கும்போது ஒருத்தி என்னைக் காட்டி, இவன்தான் சுண்ணாம்பு பூசி பேக்டரியை மூடினவன் என்றாள். வேறு யாருமில்லை, விபூதித் தட்டைத் தூக்கிவந்த பெண்தான். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை.

அத்தான் வீட்டில் இருந்த நாட்கள் கொடுமை. எஞ்சின் சத்தத்திலேயே பழகிய மனிதர். அமைதியான வீட்டில் யார் என்ன சொன்னாலும் அவருக்கு இரைச்சலாகக் கேட்டது. அக்கா ஏதாவது சொன்னால் சட்டியைத் தூக்கிப் போடுவார். பிறகு ஓடுகளை அவரே பொறுக்குவார். ஏழெட்டு மாதம் அப்படிப் போனது. ஒரு நாள் ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்துக்கு அந்தப் பக்கம், ஒரு ஜின்னிங் பேக்டரியில் டிரைவர் வேலை கிடைத்துவிட்டது என்று வந்து சொன்னார். எந்தக் கம்பெனி எஞ்சின் என்று கேட்டேன். எழுந்து கை கழுவப் போனார். அதே கம்பெனி, அதே வளைவு என்று எனக்கு விளங்கிவிட்டது.

"அவிய சொன்னா கேக்க மாட்டாவ. நீ ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வாலே" என்று அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள். உளி, சுத்தியல், ஒரு சீசா மண்ணெண்ணெய், சுண்ணாம்புப் பொட்டலம் எல்லாம் பையில் போட்டுக்கொண்டு போனேன். மண்ணெண்ணெய் கிடைக்காத காலம். அக்கா விளக்குக்கு வைத்திருந்ததை ஊற்றித் தந்தாள்.

அத்தான் கேட்டிலேயே மறித்துவிட்டார். உள்ளே எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பையைப் பார்த்தார்.

"நீ பாக்க வேண்டாம் மாப்ளே."

வெடிப்பு இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"இருக்கும். அத நீ வந்துதான் சொல்லணுமா? நீ பாத்தா கோடு விழும். கோடு விழுந்தா எஞ்சின் நிக்கும். பொறவு நான் எங்க போவேன், சொல்லு."

எங்கே போவார் என்று எனக்கும் தெரியவில்லை. ஆனாலும் விடவில்லை. அவரைத் தள்ளிவிட்டு அந்த முதலாளியிடம் போய், எஞ்சினைச் சோதிக்க வேண்டும், கூலி வேண்டாம் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, ராஜபாளையத்தில் ஓடிய பேக்டரியை மூடிய ஆள் நீதானே என்று கேட்டார். ஓடுகிற எஞ்சினுக்குச் சாவுச் சீட்டு எழுத ஆள் தேவையில்லை என்று சொல்லி வெளியே அனுப்பினார். அத்தான் என்னை ஒரு டீக்கடைக்குக் கூட்டிப்போனார். டீ குடித்தோம். அங்கிருந்தும் எஞ்சின் சத்தம் கேட்டது. அவர் காது அதிலேயே இருந்தது. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். அவர் அந்த முடிவுக்கு எப்போதோ வந்துவிட்டார் என்று அன்று தெரிந்துகொண்டேன். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. பஸ்ஸில் வரும்போது பையைக் காலால் உதைத்துக்கொண்டே வந்தேன்.

பருத்தி வரத்து மும்முரமாக இருந்த சமயத்தில் அந்த ஷாப்ட் உடைந்தது. பட்டப்பகல். பளுச் சக்கரம் கழன்று சுவரைப் பெயர்த்துக்கொண்டு வெளியே ஓடியதாம். அத்தான் சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே அடக்கம் செய்தோம். ராஜபாளையத்து முதலாளி வந்து கடைசிவரை நின்றார். அந்த ஊர் முதலாளி வரவில்லை.

அடக்கம் முடிந்ததும் நான் பேக்டரிக்குப் போனேன். இப்போது யாரும் தடுக்கவில்லை. உடைந்த துண்டுகளை வெயிலில் போட்டிருந்தார்கள். உடைந்த முகத்தைப் பார்த்தால் போதும், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். முக்கால்வாசி கறுத்து, வழவழவென்று, எண்ணெய் குடித்துக் கிடந்தது. வெடிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வந்ததற்கு அடையாளமாக, கிளிஞ்சல் முதுகில் இருக்கிற மாதிரி வரி வரியாக இருந்தது. மிச்சம் கால்வாசி மட்டும் கற்கண்டை உடைத்த மாதிரி பளபளத்தது. அந்தக் கால்வாசிதான் அத்தனை நாளும் எஞ்சினைத் தாங்கியிருக்கிறது. அத்தான் அங்கே வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே அது பாதிக்கு மேல் போயிருக்க வேண்டும். விரலால் தொட்டுப் பார்த்தேன். எத்தனையோ இரும்பைப் பார்த்திருக்கிறேன், இவ்வளவு தெளிவாக எதுவும் எனக்குச் சொன்னதில்லை.

ராஜபாளையம் திரும்பி அக்கா வீட்டுக்குப் போனேன். அழுது ஓய்ந்திருந்தாள். அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். உடைந்த துண்டைப் பார்த்தாயா என்று கேட்டாள். பார்த்தேன் என்றேன். முறத்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள்.

"அன்னைக்கு உள்ள விட்டுருந்தா, உனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்கும் அக்கா. நிச்சயமாத் தெரிஞ்சிருக்கும்."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"தெரிஞ்சு?"

அவள் அதைக் கோபமாகக் கேட்கவில்லை. குத்தலாகவும் கேட்கவில்லை. அதற்கு ஏதாவது பதில் இருக்கும், தொழில் படித்த தம்பிக்கு அது தெரிந்திருக்கும் என்று நம்பித்தான் கேட்டாள். நான் பதில் சொல்வேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.